மாப்பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் வாங்கிய மாமனார்

டாக்குரியா,
கொல்கத்தா.
மார்ச் 8, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி விஸ்வநாதன் அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்த வேதாச்சலம் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் சுந்தரவல்லியும் முருகன் அருளால் சௌக்கியம். வண்டி சௌக்கியமில்லை. கோயமுத்தூரில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை தீபக் அவர்களும் என் மகள் நந்திதாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறோம். மாப்பிள்ளையின் கம்பெனியும் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் என்னால் மனமொப்பி வேண்டிக்கொள்ள முடியவில்லை. அது ஏன் என்பதை எழுதத்தான் காலையில் பலகாரம்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாங்கள் எழுதிய கடிதத்தை நான்கு தடவை படித்தேன். மாப்பிள்ளையின் இடும்பன் மோட்டார்ஸ் இதுவரை தொண்ணூற்றெட்டு மோட்டார் சைக்கிள்கள் விற்றிருக்கிறது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் நூறு விற்றால்தான் சென்னைக்காரர் யாரோ பணம் போடுவார். இல்லாவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு மாப்பிள்ளை பழையபடி பெங்களூர் வேலைக்கே போக வேண்டியதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். தாங்களே ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பதாகவும், மூன்று லட்சத்து எண்பத்தைந்தாயிரம் என்பது லேசுப்பட்ட தொகை இல்லை என்பதால் ஒன்பது மாதமாக ஓட்டுகிற என்னைக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "உள்ளதை உள்ளபடி சொல்லுங்க சம்பந்தி. நீங்க வேண்டாம்னா நானும் வாங்கலைங்க, பையன்கிட்டயும் போதும்டா, மூடிருன்னு சொல்லிடறேன்" என்று தங்கள் கைப்பட எழுதியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஒரு கம்பெனி இருப்பதா மூடுவதா என்கிற பெரிய விஷயத்தை, துறைமுகத்துப் பண்டகசாலையில் முப்பத்தாறு வருஷம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்ற என் தலையில் இறக்கி வைத்துவிட்டீர்கள். கல்யாணம் பேசிய நாள் முதல் தங்களிடம் நான் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வேண்டும் என்றீர்கள், சரி என்றேன். குதிரை வேண்டாம், கார் போதும் என்றீர்கள், குதிரைக்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்த கையோடு அதற்கும் சரி என்றேன். இன்றைக்கு முதல் தடவையாக இல்லை என்று சொல்லப் போகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. வாட்ஸ்அப்பில் எழுதினால், மாப்பிள்ளை ஆரம்பித்து வைத்திருக்கிற 'இடும்பன் குடும்பம்' குழுவில் போய் விழுந்துவிடுமோ என்று பயம். அதனால்தான் கடிதம். தாங்களே பிரித்துப் படித்துத் தாங்களே கிழித்துப் போட்டுவிடவும்.

முதலில், நான் இந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கினேன் என்று தாங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிட வேண்டும். நான் வாய் உபசாரத்தில் மாட்டிக்கொண்டவன். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது என்று நானும் சுந்தரவல்லியும் தீர்மானம் செய்து, எந்த வண்டி பிடிக்கும் என்று கேட்க அவருக்குப் போன் போட்டேன். "எனக்கு எதுவும் வேண்டாங்க மாமா. தீபாவளிக்கும் வர முடியாதுங்க. நானே ஒரு கரண்ட் வண்டி செஞ்சுட்டு இருக்கேன்" என்றார். அவர் வேலையை விட்ட செய்தியே எனக்கு அப்போதுதான் தெரியும். பெண்ணைக் கொடுத்தவன் அந்த இடத்தில் வேறு என்ன சொல்வான்? "ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை, அப்ப முதல் வண்டி எனக்குத்தான்" என்றேன். வந்த விருந்தாளி கிளம்பும்போது 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே' என்கிறோமே, அந்த ரகம். விருந்தாளி உடனே பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைப்பானா? மாப்பிள்ளை வைத்தார். நான்கே நிமிஷத்தில் என் செல்போனுக்கு முன்பதிவுச் சீட்டு வந்துவிட்டது. நான் எப்படி நழுவுவது என்று யோசிப்பதற்குள் சுந்தரவல்லி அதைப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்ன வார்த்தைய மாத்தினா நந்துவுக்குத்தான் அங்க தலைகுனிவு" என்றாள். சரி, மாமனார் என்று ஒரு ரூபாயாவது குறைத்தாரா என்றால், "சொந்தக்காரங்களுக்குக் குறைச்சா ஆடிட்டர் கேள்வி கேப்பாருங்க மாமா" என்றார். முதல் வண்டி எனக்கு என்றேனே, அதுவும் இல்லை. எனக்கு வந்தது பதினேழாவது. எனக்கு முன்னால் பதினாறு பேர் ஏமாந்திருக்கிறார்கள். உலகத்தில் மாப்பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்த மாமனார்கள் லட்சம் பேர் இருப்பார்கள். மாப்பிள்ளையிடமிருந்து முழு விலை கொடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கிய மாமனார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் இனாமாக ஒரு கறுப்பு டி-ஷர்ட் வேறு. முதுகில் 'மலையைத் தூக்கு' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி, பால் பாக்கெட்டுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது தங்களுக்குத் தெரியும்.

வண்டி வந்து இறங்கிய நாள் ஜூன் முதல் தேதி. அன்றைக்கு இங்கே ஜமாய் ஷஷ்டி. வங்காளிகள் வீட்டு மாப்பிள்ளையை அழைத்து உட்கார வைத்து, மாமியார் விசிறியால் விசிறி, மீனும் மாம்பழமும் இனிப்பும் போட்டுப் புதுத்துணி கொடுக்கிற பண்டிகை. எங்கள் கட்டடத்தில் ஆறு வீட்டு மாப்பிள்ளைகள் பட்டு ஜிப்பாவும் கையில் தயிர்ப்பானையுமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில், வாசலில் லாரி வந்து நின்று, என் மாப்பிள்ளை எனக்கு விற்றது மரப்பெட்டியில் இறங்கியது. கீழ்வீட்டில் குஹநியோகி என்று ஒருவர் இருக்கிறார். இன்சூரன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வண்டி நிறுத்த இடமில்லாமல் என்னுடைய இருபத்திரண்டு வருஷத்து ஸ்கூட்டரை நான் அவருக்குத்தான் விற்றேன். அது இன்றைக்கும் ஒரே உதையில் கிளம்புகிறது. அவர் வெளியே வந்து பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேதாச்சலம் பாபு, எங்க ஊர்ல இன்னிக்கு மாப்பிள்ளைக்குக் கொடுக்கற நாள். உங்க ஊர்ல மாப்பிள்ளை மாமனாருக்கு விக்கற நாளா?" என்று கேட்டார். கேட்டதோடு விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த தன் மாப்பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டினார். இருந்தாலும் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்தேன். முருகன் கோயில் குருக்கள் வாஞ்சிநாதன் வந்து பூஜை போட்டு, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். இந்த வண்டிக்குச் சாவி கிடையாது என்பது தங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கைப்பிடிக்கு நடுவில் ஒரு கேமரா இருக்கிறது. முதலில் ஒரு தடவை முகத்தைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், பிறகு அந்த முகத்தைப் பார்த்தால்தான் கிளம்பும். நல்ல நேரம் தாண்டுவதற்குள் பதிந்துவிட வேண்டும் என்று பூஜை முடிந்த கையோடு முகத்தைக் காட்டினேன். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். 'நல்வரவு, வேதாச்சலம்' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பியது. சுந்தரவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆரம்பித்தது வினை. கொல்கத்தாவின் ஜூன் மாதப் புழுக்கத்தில் ஹெல்மெட்டுக்குள் பத்து நிமிஷம் இருந்தால் விபூதி எங்கே நிற்கிறது? பவானிபூர் தமிழ்க்கடையில் காப்பித்தூளும் அப்பளமும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், வண்டி என்னைப் பார்த்து 'தங்களை அடையாளம் தெரியவில்லை' என்கிறது. பணம் கொடுத்து வாங்கியவனைப் பார்த்து, பத்துப் பேர் எதிரில்! கடைக்காரரிடம் திரும்பிப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு வந்தேன். பட்டை சரியில்லை என்றோ, பொட்டு இல்லை என்றோ, அதற்கும் சம்மதிக்கவில்லை. காளிகாட்டில் பூஜைச் சாமான் விற்கிற சந்து வரை நடந்து போய்ச் சந்தனமும் குங்குமமும் வாங்கி, ஒரு பாத்திரக் கடைத் தாம்பாளத்தில் முகம் பார்த்து இட்டுக்கொண்டு திரும்பி வந்த பிறகுதான் 'நல்வரவு' சொன்னது. அன்றிலிருந்து சட்டைப் பையில் மூன்று பொட்டலம் வைத்துக்கொண்டு அலைந்தேன். வங்கி வாசலிலும் மீன் மார்க்கெட் வாசலிலும் நான் நின்று நின்று நெற்றிக்கு இட்டுக்கொள்வதைப் பார்த்துத் தெருவில் இருக்கிறவர்கள் நான் சன்னியாசம் வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று முடிவு கட்டி, சுந்தரவல்லியிடம் துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பொறுக்க முடியாமல் வாடிக்கையாளர் சேவை என்று போட்டிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். "வணக்கம், இடும்பன் மோட்டார்ஸ். தங்கள் வண்டி எண்ணைச் சொல்ல முடியுமா சார்?" என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்கு நான் புட்டியில் பால் கொடுத்திருக்கிறேன். "ஏய் நந்து, அப்பாடீ" என்றேன். "வண்டி எண் சார்?" என்றாள். "என்னடி சாரு மோரு? பதினேழு. உனக்குத் தெரியாதா?" என்றேன். "நன்றி சார். இந்த அழைப்பு தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்படுகிறது. தங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்." பெற்ற மகளிடம் பிரச்சினையைச் சொன்னேன். நெற்றியில் ஒன்றும் இல்லாமல் இன்னொரு தடவை முகத்தைப் பதிந்துகொள்ளச் சொன்னாள். எனக்கு வந்ததே கோபம். "வெறும் நெத்தியோட வந்து நில்லுன்னு அப்பன்கிட்டயே சொல்றியா? இதுக்கா உன்னை எம்.ஏ. படிக்க வெச்சேன்?" என்று கத்தினேன். "தங்கள் வருத்தம் புரிகிறது சார். இந்த உரையாடலுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்?" என்றாள். ஒன்று கொடுத்தேன். சாயங்காலம் மகளாகப் போன் செய்து அழுதாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, வங்காளிதான் வரும். "லொஜ்ஜா கொரே நா, பாபா? வெக்கமாவே இல்லையா உனக்கு? பணம் போடறவங்க இதெல்லாம் கேப்பாங்கப்பா. நம்மகிட்ட மொத்தமே ஏழு பேருதான் வேலை செய்யறாங்க. சொந்த அப்பாவே ஒரு மார்க் போட்டா நான் என்ன பண்றது?" என்றாள். கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். சந்தனத்தையும் குங்குமத்தையும் விட்டுக்கொடுத்து, விபூதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி முகத்தைப் பதிந்தேன்.

ஜூலை மாதம் ராஸ்பிஹாரி முனையில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, திரையில் ஏதோ எழுத்து வந்து 'சம்மதமா?' என்று கேட்டது. யார் எது கேட்டாலும் சரி என்று சொல்லியே பழகியவன் நான் என்பதை மேலேயே சொல்லியிருக்கிறேன். சரி என்பதைத் தொட்டேன். வண்டி அப்படியே செத்துப்போய், 'புதிய மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கிறது, பதினெட்டு நிமிடம் காத்திருக்கவும்' என்று அறிவித்தது. சக்கரம் பூட்டிக்கொண்டது. பச்சை விழுந்தது. எனக்குப் பின்னால் மூன்று பஸ்ஸும் ஒரு படை ஆட்டோவும். போக்குவரத்து சார்ஜென்ட் வந்து பார்த்து, "காக்கு, ஏடா கீ? காடி நா டிவி?" என்று கேட்டார். மாமா, இது வண்டியா டிவியா என்று அர்த்தம். பஸ் கண்டக்டர்கள் இரண்டு பேரும் பழக்கடைக்காரர் ஒருவரும் சார்ஜென்டுமாகச் சேர்ந்து அதைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். பதினெட்டு நிமிஷம் கழித்து எழுந்தது. அப்படி என்னதான் புதிதாக வந்திருக்கிறது என்று பார்த்தால், திரையில் ஓரத்தில் இருக்கிற வண்டிப் படம் முன்பு நீலமாக இருந்தது, இப்போது ஆரஞ்சாக இருக்கிறது. வேறு ஒரு வித்தியாசமும் எனக்குத் தென்படவில்லை.

இதையெல்லாம்கூட மன்னித்துவிடுவேன் சம்பந்தி. ஆகஸ்டில் நடந்ததை மன்னிக்க முடியவில்லை. இரண்டு நாள் மழையில் எங்கள் தெருவில் தண்ணீர் நின்றது. முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும் என்று மாப்பிள்ளையின் விளம்பரத் தாளில் போட்டிருக்கிறது. யாருடைய முழங்கால் என்று போடவில்லை. பால் வாங்கப் போனவன் நடுத்தெருவில் நின்றேன். வண்டிக்கு மூச்சு இல்லை. ஏதோ ஒரு பெட்டி போய்விட்டது, புதுப் பெட்டி வர ஆறு வாரம் ஆகும் என்று பதில் வந்தது. அறுபதாயிரம் டன் கப்பலுக்கு நாலே நாளில் சாமான் எடுத்துக் கொடுத்த என்னிடம் ஆறு வாரம்! அன்றைக்கு மாப்பிள்ளை என்றும் பார்க்காமல், இது கம்பெனியா பிள்ளை விளையாட்டா என்று கம்பெனிக்கே எழுதிப் போட்டேன். ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மாப்பிள்ளை. கம்பெனிச் சட்டை, தோளில் சாமான் பை, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு அட்டைப் பெட்டி. தொழிற்சாலையில் தாமே ஓட்டுகிற வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியாம். அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறார். மாப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலுக்கு வருவது அதுதான் முதல் தடவை. சுந்தரவல்லி அலறியடித்துக்கொண்டு ஆரத்தி கரைக்க ஓடினாள். "இருங்க அத்தை" என்று வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "நான் இப்ப மாப்பிள்ளையா வரலீங்க. கம்பெனி ஆளா வந்திருக்கேன். சர்வீசுக்குப் போறவங்க கஸ்டமர் வீட்டுல பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு ரூல் போட்டது நானுங்க. நானே மீறினா நல்லாருக்காதுங்க." ஆரத்தித் தட்டோடு நின்ற சுந்தரவல்லியின் முகத்தைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காலை ஏழரையிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கீழே முற்றத்துச் சாக்கடைத் தண்ணீரில், தூறலில், வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சுந்தரவல்லி ஜன்னலிலிருந்து "காப்பியாவது கொண்டுவரட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாங்க மேடம்" என்றார். மாமியாரை மேடம் என்றார்! பையிலிருந்து நான்கு பிஸ்கட் எடுத்துத் தின்றார். தெருமுனைக் கடையில் தன் காசைக் கொடுத்துத் தேநீர் குடித்தார். வடை, பாயசம், மூன்று கறி என்று சமைத்து வைத்துவிட்டு அவள் சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். குஹநியோகியின் மனைவி எட்டிப் பார்த்து, "மிஸ்திரி ரொம்ப நல்லா வேலை செய்யறான், எங்க பிடிச்சீங்க?" என்று கேட்டார். எங்கள் மாப்பிள்ளை என்று சொன்னதும் அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டார். மதராசிகள் மாப்பிள்ளைக்குச் சோறு போடாமல் சாக்கடையில் வேலை வாங்குகிறார்கள் என்று ஒரு மணி நேரத்தில் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. நான் போய்க் குடை பிடிக்கலாமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, அதற்கு ரூல் எதுவும் இல்லை என்றார். ஐந்து மணி நேரம் குடை பிடித்தபடி நின்றேன். நின்ற நேரத்தில் மனசில் இருந்த குறை அத்தனையும் சொல்லித் திட்டித் தீர்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நோட்டில் குறித்துக்கொண்டு, "சரிங்க சார்" என்றார்.

ஐந்து மணிக்கு வண்டி உயிர் பெற்றது. என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மதிப்பெண் கேட்டு, நான் மூன்று போட்டதைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். இருபது நிமிஷம் கழித்து மறுபடி வாசல் மணி. வேட்டி, வெள்ளைச் சட்டை, ஈரத் தலை, கையில் ஆப்பிள், சந்தேஷ் இனிப்பு டப்பா, அத்தைக்கு மல்லிகைப்பூ. "சௌக்கியங்களா மாமா? இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு" என்றார், அன்றைக்கு என்னை அப்போதுதான் பார்க்கிற மாதிரி! ஐந்து மணி வரை அவரை வாய்க்கு வந்தபடி பேசிய நான், பல்லைக் காட்டிக்கொண்டு, "வாங்க மாப்பிள்ளை, வாங்க, பிரயாணம் சௌகரியமா இருந்துதா?" என்று கேட்கிறேன். இந்தக் கூத்து எந்த மோட்டார் சைக்கிள் வாங்கினவனுக்கு நடந்திருக்கிறது? சுந்தரவல்லி ஆரத்தி எடுத்து, இலை போட்டு, எல்லாவற்றையும் பரிமாறினாள். மனிதர் ரசம் சாதத்தில் கையை வைத்தபடியே தூங்கிவிட்டார். கையில் நான்கு இடத்தில் கிழித்திருந்தது. இது என்ன வியாபாரம் சம்பந்தி? வண்டி ஒவ்வொன்றும் நிற்கிற ஊருக்கெல்லாம் இவர் மடியில் பெட்டியோடு ரயில் ஏறிக்கொண்டே இருப்பாரா? இவர் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

அதற்குப் பிறகும் நவம்பரில் ஸ்டாண்ட் கழன்று விழுந்தது. ஜனவரியில் ஹாரன் தானாக அடித்தது. சார்ஜ் ஏற்ற இரண்டாவது மாடியிலிருந்து நான் தொங்கவிட்டிருக்கிற வயரில் முதல் மாடிக்காரர்கள் துணி காயப்போடுகிறார்கள். பெரிய கம்பெனி வண்டி என்றால் தெருவுக்குத் தெரு கடை இருக்கிறது, எந்த மெக்கானிக்கும் கை வைப்பான், பாதி விலைக்குக் கிடைக்கும். நேற்று முளைத்த கம்பெனியில் இத்தனை விலை கொடுத்து வாங்குகிறவன் மோட்டார் சைக்கிள் வாங்கவில்லை, இன்னொருவருடைய பரீட்சையைத் தன் செலவில் எழுதுகிறான். ஆகவே தாங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: வாங்கவே வாங்காதீர்கள். தொண்ணூற்றெட்டோடு நிறுத்தி மூடச் சொல்லுங்கள். மாப்பிள்ளை பெங்களூருக்குப் போய் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடட்டும், தூங்கட்டும். நந்திதா என்னை சார் என்று கூப்பிடுவதை நிறுத்தட்டும். முடிந்தால் என் வண்டியையும் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றிக்கொள்ள மாட்டேன்.

எழுத்தில் எங்காவது மரியாதை குறைந்திருந்தால், அந்தக் குற்றத்தை வண்டியின் பேரில் போட்டு என்னை விட்டுவிடவும். சம்பந்தியம்மாளின் முழங்கால் வலிக்கு சுந்தரவல்லி ஒரு தைலம் அனுப்புகிறாள், சூடு பண்ணித் தடவ வேண்டும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் பரிபூரண ஆசீர்வாதம். இருவரும் நீண்ட ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்கட்டும்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
வேதாச்சலம்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். கடிதத்தைத் தபால் பெட்டியில் போடக் கீழே இறங்கினேன். தேநீர்க் கடையில் குஹநியோகி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இந்த மாதிரி குட்டிக் கம்பெனிகள் எல்லாம் மூட்டையைக் கட்டுதாம், போட்டிருக்கான் பாருங்க. ஏப்ரல்ல உங்க ஜமாயும் ஓடிடுவார். எல்லாம் சீட்டிங்பாஜ் பசங்க. வண்டிய எடைக்குப் போட்டுடுங்க, எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்" என்றார். ஜமாய் என்றால் மாப்பிள்ளை, சீட்டிங்பாஜ் என்றால் இங்கே ஏமாற்றுக்காரன். எனக்குக் கண் இருட்டிவிட்டது. "யாருய்யா ஓடுவான்? நீர் வாங்கின ஏதாவது ஒரு சாமானைச் செஞ்சவன் மூஞ்சிய நீர் பார்த்திருக்கீரா? என் வண்டியைச் செஞ்சவன் இதே சாக்கடையில பத்து மணி நேரம் கிடந்தான், என் வீட்டுல ஒரு வாய் காப்பி குடிக்கலை. ஓடறவன் ரெண்டு ராத்திரி ரயில் ஏறி வருவானா?" என்று ஆரம்பித்து, வங்காளி தீர்ந்து போன இடத்தில் தமிழைப் போட்டு, முக்கால் மணி நேரம் பேசினேன். கடையில் ஒருவரும் தேநீரை வாயில் வைக்கவில்லை. கடைசியில் அந்த மனிதர், "அவ்வளவு நல்ல வண்டின்னா இன்னொண்ணு வாங்குங்களேன் பார்ப்போம்" என்றார். சரி என்றேன்.

அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆளுக்கு ஒன்றுதான் தருவார்களாம், அதனால் சுந்தரவல்லி பேரில் சொன்னேன். அவளுக்குச் சைக்கிள்கூட விடத் தெரியாது. பேரை எழுதிக்கொண்ட நந்திதா, "சரிப்பா" என்றாள். மேலே எழுதியிருப்பது அத்தனையும் உண்மை, ஒன்றையும் நான் அடிக்கவில்லை. ஆனால் தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. முப்பத்தொன்றாம் தேதிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. யோசனை கேட்டீர்கள் அல்லவா, இப்போது யோசனை சொல்லவில்லை, சம்பந்தி என்கிற உரிமையில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவன் இரண்டு வாங்கியாகிவிட்டது. பிள்ளையைப் பெற்றவர் ஒன்று வாங்குங்கள்.